கடை க்ரீமுக்கு அடங்காத படர்தாமரை: ஆய்வில் சேரலாமா?

கேள்வி: வயது 36. திருப்பூரில் பின்னலாடை கம்பெனியில் அயர்னிங் பிரிவில் வேலை. எட்டு மாதமாகத் தொடையிடுக்கிலும் இடுப்பைச் சுற்றியும் படர்தாமரை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ட்யூபைப் போட்டால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது, விட்டால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. ட்யூபில் குளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபின் என்று போட்டிருக்கிறது. நடுவில் ஒரு டாக்டர் டெர்பினாஃபின் மாத்திரை இரண்டு வாரம் கொடுத்தார், முழுதாகக் குணமாகவில்லை. இப்போது நான்கு மாதக் கர்ப்பிணியான மனைவிக்கும், நான்கு வயது மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. அரசு மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவில், மாத்திரைகளை ஒப்பிடும் ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா என்று கேட்கிறார்கள். எந்த மாத்திரை என்பது குலுக்கலில்தான் முடிவாகுமாம். ஒவ்வொரு முறையும் தோலைச் சுரண்டி எடுப்பார்களாம். என்னைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்களா? காஸ் தொல்லைக்குத் தினமும் காலையில் ஒரு கேப்சூல் சாப்பிடுகிறேன், வேறு மாத்திரை இல்லை.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

ஆய்வில் சேருவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் உங்கள் பயம் தவறான இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எட்டு மாதமாக உங்கள் உடம்பில் ஒரு சோதனை நடந்துகொண்டுதான் இருக்கிறது. என்ன நோய் என்று யாரும் உறுதி செய்யவில்லை, எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை, பக்கவிளைவைப் பார்க்கவும் ஆள் இல்லை. சுரண்டிப் பார்த்து, ரத்தம் பார்த்து, தேதி குறித்துக் கூப்பிடும் இடம்தான் இப்போது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

முதலில் அந்த ட்யூப். அதில் இருக்கும் நான்கு பொருள்களில் டெர்பினாஃபின் ஒன்றுதான் பூஞ்சைக்கான மருந்து. ஆஃப்லாக்சசின் பாக்டீரியாவுக்கு, ஆர்னிடசோல் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாவுக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கும். படர்தாமரையில் இவை இரண்டுக்கும் வேலையே இல்லை. இரண்டு நாளில் அரிப்பை நிறுத்துவது குளோபெட்டசால். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகுப்பைச் சேர்ந்தது. சிவப்பும் அரிப்பும் பூஞ்சைக்கு எதிராக உங்கள் தோல் காட்டும் எதிர்ப்பு. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பைத்தான் அடக்குகிறது, பூஞ்சையை அல்ல. காவலாளியைத் தூங்கவைத்துவிட்டு வீடு அமைதியாக இருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் இது. ட்யூபை நிறுத்தியதும் பெரிதாகத் திரும்பி வருவது, அந்த இடைவெளியில் தடையில்லாமல் பரவிய பூஞ்சை.

அதிலும் நீங்கள் பூசிய இடம் மோசமானது. முன்கைத் தோல் உறிஞ்சும் ஸ்டீராய்டைவிட விதைப்பையின் தோல் சுமார் 42 மடங்கு அதிகம் உறிஞ்சுகிறது என்று 1967-இலேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். தொடையிடுக்கில் தோலோடு தோல் உரசி மூடிக்கிடப்பதால் அங்கேயும் மருந்து கூடுதலாக இறங்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, தொடையில் பிரசவத் தழும்பு போன்ற வரிகள் விழும். நிறம் கொஞ்சம் மங்கலாம், வரி போகாது. இந்த வகை ஸ்டீராய்டுகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி இருந்தும் கவுன்டரில் கேட்டால் கிடைக்கிறது என்பது நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே தெரிகிறது.

ஸ்டீராய்டு இன்னொரு குழப்பமும் செய்யும். படர்தாமரை என்றால் வட்டமாக, ஓரம் தடித்து, நடு தெளிந்து இருக்கும். ஸ்டீராய்டு பட்ட படர்தாமரையில் ஓரம் கலைந்துவிடும், அல்லது வட்டத்துக்குள் வட்டமாக இரண்டு மூன்று வளையம் வரும். எக்ஸிமா, சோரியாசிஸ் போன்றும் தோன்றும். இதற்கு டினியா இன்காக்னிட்டோ, அதாவது அடையாளம் மறைந்த படர்தாமரை என்று 1968-இல் பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் அபூர்வமாகப் பார்த்தது, இப்போது நம் ஊர்த் தோல் பிரிவுகளில் அன்றாடக் காட்சி. சுரண்டிப் பார்ப்பது ஏன் என்ற உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது: கண்ணால் பார்த்து மட்டும் முடிவு சொல்ல முடியாத நிலைக்கு அந்த ட்யூப் உங்கள் தோலைக் கொண்டுவந்துவிட்டது. தொடையிடுக்கில் வருவதெல்லாம் படர்தாமரையும் அல்ல. எரித்ராஸ்மா என்ற பாக்டீரியா நோய் அதே இடத்தில் பழுப்பாகப் படரும். வுட்ஸ் விளக்கின் ஊதா ஒளியில் அது பவளச் சிவப்பாக ஒளிரும், படர்தாமரை ஒளிராது. க்ரீமே ஒவ்வாமல் வரும் தடிப்பும் உண்டு. வெளிறிய திட்டில் தொடுஉணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும்.

சுரண்டல் என்றதும் பயப்பட வேண்டாம், ரத்தம் வராது. திட்டின் நடுவில் அல்ல, உயிர்ப்போடு பரவிக்கொண்டிருக்கும் ஓரத்தில், சிறிய கத்தியின் மழுங்கிய கோணத்தால் செதிலை வழித்துக் கண்ணாடித் தகட்டில் கொட்டுவார்கள். அதன்மேல் 10 முதல் 20 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு. தோலின் கெரட்டின் அதில் கரைந்துவிடும், பூஞ்சையின் சுவர் கரையாது. பத்து இருபது நிமிடம் கழித்து மைக்ராஸ்கோப்பில், குறுக்குத் தடுப்புகளோடு கிளைவிட்ட நூலிழைகளாகப் பூஞ்சை தெரியும். இதைக் கே.ஓ.எச். பரிசோதனை என்பார்கள். அரை மணி நேர வேலை, செலவு மிகக் குறைவு.

இந்தப் பரிசோதனை தப்பாகப் போவது பெரும்பாலும் நோயாளி வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான். அன்று காலையில் பூஞ்சை க்ரீம் பூசிக்கொண்டு போனால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று வரலாம். தேங்காய் எண்ணெய் தடவியிருந்தால் செதில் ஒட்டிக்கொண்டு வழித்தெடுக்க வராது, எண்ணெய்க் குமிழிகள் வேறு பார்ப்பவரை ஏமாற்றும். பவுடரில் இருக்கும் மாவுத் துகள்களும் அப்படியே. முன்பே சாப்பிட்ட பூஞ்சை மாத்திரையின் மிச்சமும் முடிவை மாற்றும். அதனால்தான் ஆய்வில் சேர்ப்பதற்கு முன் பூச்சுகளைச் சில வாரம் நிறுத்தச் சொல்வார்கள். எத்தனை வாரம் என்பது அந்த ஆய்வின் திட்டத்தில் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை இல்லை என்று வந்ததால் மட்டும் படர்தாமரை இல்லை என்று ஆகிவிடாது. வேறிடத்தில் மறுபடி எடுப்பார்கள், அல்லது பூஞ்சை வளர்வதற்கான சத்துக் கூழான சபரோ ஊடகத்தில் வளர்க்க அனுப்புவார்கள். வளர்ப்புக்கு நான்கு வாரம்கூட ஆகும். சிலர் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கியால் திட்டின்மேல் உள்ள பூனைமுடிகளையும் பார்ப்பார்கள். முடி ஒடிந்தும் துண்டு துண்டாக வெளிறியும் இருந்தால் பூஞ்சை முடிவேருக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். அந்தக் கட்டத்தில் பூச்சு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும்.

இனி, டெர்பினாஃபின் மாத்திரை ஏன் கைகொடுக்கவில்லை? பழைய புத்தகங்களில் தினம் 250 மில்லிகிராம், இரண்டு வாரம் என்றுதான் இருக்கும். உங்களுக்கு எழுதியவர் புத்தகத்தை மீறவில்லை. மாறியது பூஞ்சை. இந்தியாவில் இந்த நூற்றாண்டின் இரண்டாவது பத்தாண்டிலிருந்து வேகமாகப் பரவிய பூஞ்சைக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். பெயரிலேயே இந்தியா வந்துவிட்டது, பெருமைப்பட ஒன்றுமில்லை. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு பேரிடம் இதைக் கண்டபோது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் தனியாக அறிக்கையே வெளியிட்டது.

டெர்பினாஃபின் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இது புரியும். பூஞ்சை தன் மேலுறையைக் கட்ட எர்கோஸ்டெரால் என்ற பொருளைத் தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்பில் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்று ஒரு நொதி உண்டு. டெர்பினாஃபின் அதில் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்தும். எதிர்ப்புப் பெற்ற பூஞ்சையில் அந்த நொதியின் 397-ஆவது இடத்திலோ 393-ஆவது இடத்திலோ ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. மருந்து உட்கார இடமில்லை. சண்டிகரிலும் டெல்லியிலும் நடந்த ஆய்வுகள் 2018-இல் இதை வெளிக்கொண்டுவந்தன. இட்ரகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மாத்திரை அதே தயாரிப்பின் வேறொரு படியில், வேறொரு நொதியைப் பிடிக்கிறது. அதனால் டெர்பினாஃபின் தோற்ற இடத்திலும் அது பெரும்பாலும் வேலை செய்கிறது.

சரி, இட்ரகோனசோலையே எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே, எதற்கு ஆய்வு என்று கேட்பீர்கள். அது சிறந்தது என்று சொல்லவே ஓர் ஆய்வு தேவைப்பட்டது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் தோல் பிரிவில் 200 நோயாளிகளை 50 பேர் வீதம் நான்கு பிரிவாகக் குலுக்கலில் பிரித்தார்கள். ஃப்ளூகோனசோல், கிரிசியோஃபுல்வின், இட்ரகோனசோல், டெர்பினாஃபின் என்று பிரிவுக்கு ஒரு மருந்து, உடல் எடைக்கு ஏற்ற அளவில், அதிகபட்சம் எட்டு வாரம். 2020-இல் முடிவு வெளியானது. நான்கு வாரத்தில் எந்தப் பிரிவிலும் குணமானவர்கள் 8 சதவீதத்தைத் தாண்டவில்லை. எட்டு வாரத்தில் இட்ரகோனசோலில் 66 சதவீதம், ஃப்ளூகோனசோலில் 42, டெர்பினாஃபினில் 28, கிரிசியோஃபுல்வினில் 14.

இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். இரண்டு வார மாத்திரையில் குணமாகாதது உங்கள் குற்றமல்ல, நான்கு வாரத்திலேயே நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகவில்லை. டெர்பினாஃபினுக்குப் பதில் இட்ரகோனசோல் கொடுத்தால், ஏறக்குறைய மூன்று பேருக்கு ஒருவர் கூடுதலாகக் குணமாகிறார். ஆனால் அந்தச் சிறந்த பிரிவிலும் மூன்றில் ஒருவர் எட்டு வாரத்தில் குணமாகவில்லை. குணமானவர்களில் சிலருக்குத் திரும்பவும் வந்தது, அதில் நான்கு மருந்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எத்தனை வாரம், எவ்வளவு அளவு, எந்தப் பூச்சோடு சேர்த்து, திரும்ப வராமலிருக்க என்ன செய்வது என்ற கேள்விகள் இன்னும் தீரவில்லை. உங்களைக் கூப்பிட்டிருக்கும் ஆய்வு அநேகமாக இந்தக் கேள்விகளில் ஒன்றின் பின்னால்தான் இருக்கும்.

குலுக்கல் என்ற சொல்தான் பலரை உறுத்துகிறது. டாக்டருக்கே எது நல்லது என்று தெரியாதா என்ற எண்ணம் வரும். மருந்தை டாக்டர் தேர்ந்தெடுத்தால், அவரை அறியாமலேயே கடுமையான நோயாளிக்குப் புது மருந்தும், லேசானவருக்குப் பழைய மருந்தும் போகும். கடைசியில் வித்தியாசம் மருந்தாலா, நோயாளியாலா என்று பிரிக்க முடியாது. குலுக்கல் அந்த ஓரவஞ்சனையை எடுத்துவிடுகிறது. சுரண்டிய செதிலைப் பார்ப்பவருக்கு யாருக்கு எந்த மருந்து என்று சொல்லாமல் மறைப்பதும் இதற்காகத்தான். குணம் என்பதற்கும் ஆய்வில் கறாரான அளவுகோல் உண்டு. அரிப்பு நின்றது என்றால் போதாது, செதிலும் சிவப்பும் போய், கே.ஓ.எச். சோதனையிலும் பூஞ்சை இல்லை என்று வர வேண்டும். திட்டு இருந்த இடத்தில் கறுப்பு மட்டும் மிஞ்சினால் அது நோயல்ல, ஆறிய தழும்பு. மாதங்கள் எடுத்து மங்கும். அந்தக் கறுப்பைப் பார்த்து மறுபடி ட்யூப் வாங்கப் போகிறவர்கள் நிறைய.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் சில விஷயங்களை நேரடியாகக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. படிவம் தமிழில் இருக்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் தர வேண்டும், கையெழுத்தான பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். ஆய்வுக்கு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் எண் அது. 2007-இல் தொடங்கிய அந்தப் பதிவேட்டில், 2018 ஏப்ரலிலிருந்து முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தால்தான் ஏற்கிறார்கள். இணையத்தில் அந்த எண்ணைப் போட்டால் என்னென்ன மருந்து, எத்தனை பேர், எதை அளக்கிறார்கள் என்று எல்லோரும் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், அக்குழுவைத் தொடர்புகொள்ளும் விவரமும் படிவத்தில் இருக்க வேண்டும். ஒப்பிடும் மருந்துகள் எவை, மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுக்கும் பிரிவு ஏதும் உண்டா, ரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் யார் செலவு, ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சை யார் பொறுப்பு என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று: எட்டு வாரம் முடிந்தும் குணமாகாவிட்டால் அடுத்து என்ன? வேறு மருந்துக்கு மாற்றுவோம் என்ற ஏற்பாடு படிவத்தில் எழுதியிருந்தால், குலுக்கலில் எந்தப் பிரிவு விழுந்தாலும் நீங்கள் பெரிதாக இழக்கப்போவதில்லை. நீங்கள் ஏற்கெனவே டெர்பினாஃபின் சாப்பிட்டு முழுதாகக் குணமாகவில்லை என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். டெர்பினாஃபின் பிரிவும் இருந்தால், அதில் உங்களைச் சேர்ப்பது சரியா என்று அவர்களே யோசிக்க வேண்டும். பாதியில் விலகினால் காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சையை மறுக்கவும் கூடாது. விலகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விலகுங்கள். சொல்லாமல் நின்றுபோகிறவர்களால்தான் பல நல்ல ஆய்வுகள் ஓட்டையாகின்றன.

மாத்திரை இட்ரகோனசோலாக அமைந்தால் உங்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை இருக்கிறது, அந்தக் காஸ் கேப்சூல். இட்ரகோனசோல் கேப்சூல் கரைய வயிற்று அமிலம் வேண்டும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மருந்துகள் அந்த அமிலத்தையே குறைப்பவை. சேர்த்துச் சாப்பிட்டால் பூஞ்சை மருந்து போதிய அளவு ரத்தத்தில் சேராது. மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதப்படும், உண்மையில் மருந்து உள்ளேயே போயிருக்காது. இன்னொன்று அதைவிடக் கவலையானது. நம் கடைகளில் விற்கும் காஸ் கேப்சூல்கள் பலவற்றில் பான்டோபிரசோலோடு டோம்பெரிடோன் சேர்ந்திருக்கிறது. இட்ரகோனசோல் ஈரலில் டோம்பெரிடோன் சிதைவதைத் தடுக்கும், ரத்தத்தில் அதன் அளவு ஏறும், இதயத்துடிப்பின் ஒழுங்கு கெடலாம். இரண்டையும் சேர்க்கவே கூடாது. உங்கள் கேப்சூல் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், அட்டையையே டாக்டரிடம் காட்டுங்கள். காஸ் மாத்திரையை நிறுத்த முடியுமா என்று அவரிடம் பேசுங்கள். எப்போதாவது ஆன்டாசிட் சிரப் தேவைப்பட்டால் இட்ரகோனசோலுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கேப்சூலை வெறும் வயிற்றில் அல்ல, முழுச் சாப்பாடு முடிந்த உடனே விழுங்க வேண்டும். பிரித்துக் கொட்டிச் சாப்பிடக் கூடாது. உள்ளே இருக்கும் குருணைகளின் தரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, எனவே ஆய்வில் கொடுப்பதை விட்டுவிட்டு வெளியே மலிவாகக் கிடைக்கிறதே என்று மாற்றாதீர்கள்.

இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ரகோனசோல் ஆகாது. கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர்களுக்கும் ஆகாது, தசை சிதையும். தொடங்கும் முன் ஈரல் பரிசோதனை செய்வார்கள், ஒரு மாதத்துக்கு மேல் நீண்டால் மறுபடி பார்ப்பார்கள். நடுவில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, கால் வீங்கி மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

ட்யூபை நிறுத்தியதும் முதல் ஒன்றிரண்டு வாரம் அரிப்பும் சிவப்பும் கூடும். இதை முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். தெரியாதவர்கள் மூன்றாம் நாளே பழைய ட்யூபுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அரிப்புக்கு லீவோசெட்ரிசின் போன்ற மாத்திரை கொடுப்பார்கள். சிலருக்கு அது தூக்கம் வரவைக்கும். சூடான இஸ்திரிப் பெட்டியோடு நிற்பவர் நீங்கள், இரவில் மட்டும் சாப்பிடலாமா என்று கேளுங்கள்.

பூசும் மருந்து கொடுத்தால் அளவு முக்கியம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் அது சுமார் அரை கிராம், உங்கள் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பைப் போல இரண்டு மடங்குக்குப் போதும். உங்களுக்கு இரண்டு தொடையிடுக்கும் இடுப்பும் சேர்த்து ஆறு கை அளவு இருக்கிறது என்று வையுங்கள். ஒரு வேளைக்கு ஒன்றரை கிராம், இரண்டு வேளைக்கு 3 கிராம், 30 கிராம் ட்யூப் பத்தே நாளில் தீர வேண்டும். 10 கிராம் ட்யூப் ஒரு மாதம் வந்தது என்றால் பூசியதாகவே கணக்கில்லை. திட்டின் மேல் மட்டுமல்ல, ஓரத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலிலும் பூசுங்கள், பூஞ்சையின் நுனி அங்கேதான் நகர்கிறது. தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள்.

மனைவிக்கு வருவோம். கர்ப்பிணிகளை இத்தகைய ஆய்வில் சேர்க்க மாட்டார்கள். அவருக்குப் பூஞ்சை மாத்திரையும் வேண்டாம், பிரசவம் வரை பூச்சுதான். க்ளோட்ரிமசோல் க்ரீம் கர்ப்பகாலத்தில் நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி அவர் சொல்லும்படி பூசட்டும். உங்கள் ட்யூபை அவர் தொடவே கூடாது. மகளுக்கும் அப்படியே. குழந்தையின் தோல் மெல்லியது, ஸ்டீராய்டு உடம்புக்குள் இறங்கும். தலையில் எங்காவது முடி உதிர்ந்து செதில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பூச்சு போதாது. இருவரையும் நீங்கள் போகும் அதே நாளில் அழைத்துப்போவது நல்லது. உங்களுக்கு மட்டும் குணமாகி, வீட்டில் இன்னொருவருக்கு இருந்தால் மறுபடி உங்களுக்கு வரும். ஆய்வில் கொடுக்கும் மாத்திரையை மட்டும் வீட்டில் பங்கு போடாதீர்கள்.

துணி விஷயத்தில் பலர் அரைகுறையாக நிற்கிறார்கள். சாதாரணத் தண்ணீரில் துவைத்தால் பூஞ்சையின் வித்துகள் சாவதில்லை, 60 டிகிரி சூடு வேண்டும். வாஷிங் மெஷினில் அந்த வசதி இல்லையென்றால் கொதிக்கும் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்து, உள்ளாடை, துண்டு, லுங்கி, போர்வையை அரை மணி நேரம் ஊறவையுங்கள். உங்கள் துணியைத் தனியாக. உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் காயப்போட்டு, தையல் ஓரங்களில் சூடாக இஸ்திரி போடுங்கள், அது உங்களுக்குத் தெரியாத வேலையா! அழுக்குக் கூடையில் எல்லோர் துணியையும் ஒன்றாகப் போடுவதும் பரவலுக்கு வழி. அயர்னிங் டேபிள் பக்கத்தில் வியர்த்து நனைந்த ஜட்டியோடு எட்டு மணி நேரம் நிற்பதைவிட, மதியம் ஒருமுறை மாற்ற ஒன்று எடுத்துப்போவது பலன் தரும். ஜீன்ஸ் வேண்டாம், தளர்ந்த பருத்தி உடை போதும்.

இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருந்தால், சிகிச்சை முடியும்வரையாவது கழற்றிவிடுங்கள். வியர்வையிலும் குளித்த ஈரத்திலும் எந்நேரமும் நனைந்திருக்கும் அந்தக் கயிற்றில் பூஞ்சை தங்கும். நீங்கள் எழுதியிருக்கும் இடுப்பைச் சுற்றிய வளையம் அந்தக் கயிற்றின் தடத்திலேயே இருந்தால் ஆச்சரியமில்லை. வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் வெள்ளி அரைஞாணுக்கு மாறுங்கள், கழுவித் துடைக்கலாம்.

சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசலாமா என்று உங்களைப் போன்ற பலர் கேட்கிறார்கள். வண்டுகடி இலை என்று ஊரில் சொல்வது அதைத்தான். அதில் பூஞ்சையைத் தடுக்கும் பொருள்கள் உண்டு, பொய்யில்லை. ஆனால் எட்டு மாதம் பரவி, முடிவேர் வரை இறங்கியிருக்கக்கூடிய நோய்க்கு அது போதாது. ஆய்வில் இருக்கும்போது சொல்லாமல் பூசினால் முடிவும் கெடும். எலுமிச்சை, உப்பு, பூண்டு வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே மெலிந்த தோல் வெந்து புண்ணாகும்.

போகும் நாளில் அந்த ட்யூபை, தீர்ந்து நசுங்கியிருந்தாலும், கையோடு எடுத்துப்போங்கள். டெர்பினாஃபின் சீட்டு, காஸ் கேப்சூல் அட்டை இரண்டும் கூடவே. திட்டுகளைத் தேதியோடு செல்ஃபோனில் படம் எடுத்து வையுங்கள், எட்டு வாரம் கழித்து ஒப்பிட உதவும். அன்று காலையில் வெறும் தண்ணீரில் குளித்து, துடைத்து, எதையும் பூசாமல் போங்கள்.